வரைபடம் யாருக்குச் சொந்தம்?

"ஆறு மாத உழைப்பு போச்சு!" என்று பையன் அழுகிறான். அம்மா பதறிப்போய் ஓடி வருகிறாள். பணம் எதுவும் போகவில்லை. பொருளும் போகவில்லை. கம்ப்யூட்டர் விளையாட்டில் அவன் சேர்த்து வைத்திருந்த வரைபடம் போய்விட்டது!

"இதற்கா அழுகை?" என்று பெரியவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கக் கூடாது. அந்த வரைபடத்தில் அவனுடைய உழைப்பு இருந்தது. அவனை நம்பி நண்பர்கள் சொன்ன ரகசியமும் இருந்தது. இப்படிப்பட்ட ஒன்றை எப்படிக் காப்பது, யாருக்குக் கொடுப்பது என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

அது என்ன விளையாட்டு?

விளையாட்டின் பெயர் மைன்கிராஃப்ட். சுவீடன் நாட்டைச் சேர்ந்த மார்க்கஸ் பெர்சன் என்பவர் உருவாக்கியது. 2009-ம் ஆண்டு மே மாதம் முதன்முதலாக வெளியிடப்பட்டது. இதைத் தயாரிக்கும் மோஜாங் கம்பெனியை 2014-ம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலருக்கு விலை பேசி வாங்கியது. இதுவரை 30 கோடி பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டதாக 2023-ம் ஆண்டில் மோஜாங் அறிவித்தது.

இதில் ஜெயிப்பதும் தோற்பதும் பெரிதல்ல. மண்ணைத் தோண்டலாம். மரம் வெட்டலாம். கட்டைகளை அடுக்கி வீடு கட்டலாம், கோட்டையும் கட்டலாம். பல பேர் ஒரே உலகத்தில் சேர்ந்தும் விளையாடலாம். அந்தப் பொது உலகத்தை வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கு 'சர்வர்' என்று பெயர்.

அந்த உலகம் எவ்வளவு பெரியது தெரியுமா? நடுவிலிருந்து ஒவ்வொரு திசையிலும் சுமார் 3 கோடி கட்டை தூரம் போகலாம். ஒரு கட்டை ஒரு மீட்டர் என்பது கணக்கு. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 60 ஆயிரம் கிலோமீட்டர்! நாம் வாழும் பூமியின் சுற்றளவோ சுமார் 40 ஆயிரம் கிலோமீட்டர்தான்.

இவ்வளவு பெரிய இடத்தில், நேற்று கட்டிய வீட்டை இன்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் வரைபடம்.

இரண்டு வகை

வரைபடத்தில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, விளையாட்டிலேயே இருப்பது. காகிதத்தையும் திசைகாட்டியையும் சேர்த்துச் செய்து கொள்ளலாம். நகல் எடுத்து நண்பனுக்கும் கொடுக்கலாம். ஒருவன் புதிய இடத்துக்குப் போனால், அது மற்றவன் கையில் உள்ள நகலிலும் தெரியும். ஏனென்றால், அந்த வரைபடம் சர்வரில் இருக்கிறது. ஆனால் ஒரு வரைபடம் எவ்வளவு பெரிதானாலும் 2,048 கட்டை நீளம், அதே அளவு அகலம்தான்.

மற்றொன்று 'மாட்' வரைபடம். மாட் என்பது வெளியார் எழுதி விளையாட்டோடு சேர்க்கும் துணைப் புரோகிராம். ஜர்னிமேப், ஸேரோ மினிமேப் ஆகியவை பலருக்கும் தெரிந்தவை. ஆள் நடக்க நடக்க, இவை தாமாகவே படம் வரைந்து கொண்டே போகும். 'இங்கே என் வீடு', 'இங்கே சுரங்கம்' என்று அடையாளக் குறியும் வைக்கலாம். ஒவ்வொரு குறிக்கும் மூன்று எண்கள். அந்த எண்கள் தெரிந்தால் போதும். யாரும் நேராக அங்கே போய் நிற்கலாம்.

வசதிதான். ஆனால் ஒரு சங்கதியைப் பலர் கவனிப்பதில்லை. இந்தப் படத்தை மாட் சேர்த்து வைப்பது சர்வரில் அல்ல. விளையாடுகிறவனின் சொந்தக் கம்ப்யூட்டரில்! நான்கு நண்பர்கள் விளையாடினால் நான்கு தனித்தனிப் படங்கள். ஒருவனுடைய கம்ப்யூட்டர் கெட்டுப் போனால் அவன் கட்டிய வீடு சர்வரில் பத்திரமாக இருக்கும். வீட்டுக்குப் போகும் வழிதான் மறைந்துவிடும்.

படம் எங்கே போயிற்று?

அழுத பையனின் கதைக்கு வருவோம். அவன் கம்ப்யூட்டர் கெடவில்லை. சர்வர் நடத்துகிறவர் சர்வரின் முகவரியை மாற்றினார், அவ்வளவுதான். சில மாட்கள், சர்வர் முகவரியைப் பெயராக வைத்து ஒரு ஃபோல்டரில் படத்தைச் சேர்க்கின்றன. முகவரி மாறியதும், இது புதிய ஊர் என்று நினைத்து வெற்றுப் படத்தைத் தொடங்கிவிட்டது!

பழைய படம் எங்கும் போகவில்லை. பழைய பெயருள்ள ஃபோல்டரில் அப்படியே இருக்கிறது. விளையாட்டை நிறுத்திவிட்டு, முதலில் அதற்கு ஒரு நகல் எடுக்க வேண்டும். பிறகு அதில் உள்ளவற்றைப் புதிய ஃபோல்டருக்குள் போட வேண்டும்.

நண்பனின் படத்தை வாங்கிச் சேர்க்கும்போதும் ஜாக்கிரதை தேவை. ஜர்னிமேப் உலகத்தைத் துண்டு துண்டான படங்களாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு துண்டும் 512 கட்டைக்கு 512 கட்டை. நண்பனின் துண்டுக்கும் நம் துண்டுக்கும் ஒரே பெயர் இருக்கும். அதன் மேல் இதைப் போட்டால், முன்பு இருந்தது அழிந்துவிடும். நகல் எடுக்காமல் கை வைப்பது, கணக்குப் புத்தகத்தை அடுப்பங்கரையில் வைப்பது போல!

வழி வேறு, வாசல் வேறு

தொலைந்த படத்தைத் தேடிப் பிடிக்கலாம். ஆனால் வெளியே போன ரகசியத்தை?

அடையாளக் குறியை அரட்டைப் பகுதி வழியாகவே அனுப்ப இந்த மாட்களில் வசதி உண்டு. ஒரு நண்பனுக்கு என்று நினைத்துப் பொது அரட்டையில் போட்டால், சர்வரில் உள்ள அத்தனை பேருக்கும் அது போய்ச் சேரும். அனுப்பியதைத் திரும்ப வாங்க முடியாது.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள், 'டூ பி டூ டி' என்ற சர்வரின் கதையைக் கேட்க வேண்டும். அது 2010-ம் ஆண்டு டிசம்பரிலிருந்து நடந்து வருகிறது. அங்கே சட்டம் கிடையாது, கொள்ளையடிக்கலாம், இடிக்கலாம். அங்கே வீட்டுக்குக் காவல், தூரமும் ரகசியமும்தான். 2018-ம் ஆண்டிலிருந்து 2021-ம் ஆண்டு வரை ஒரு கூட்டத்தார், சர்வர் புரோகிராமில் இருந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு, யார் எங்கே இருக்கிறார்கள் என்று ரகசியமாகச் சேர்த்து வந்தார்கள். அதற்கு 'நோகாம்' என்று பெயர். பல காலம் மறைத்து வைத்த வீடுகள் வெளிப்பட்டன; சூறையாடப்பட்டன. அத்தனைக்கும் காரணம் வெறும் எண்கள்!

"அப்படியானால் எதையும் யாருக்கும் சொல்லாமல் இருப்பதே மேல்" என்று சிலர் சொல்லலாம். அதுவும் சரியல்ல. ஆபத்தான பள்ளத்தைத் தெரிந்தவன் சொல்லாவிட்டால் தெரியாதவன் விழுவான். ஒருவன் தேடிப் பார்த்த காட்டையே பத்துப் பேர் மறுபடி தேடி அலைவார்கள். சேர்ந்து விளையாடுவதில் என்ன அர்த்தம்?

எனவே, வழி வேறு, வாசல் வேறு. பாதை, சந்தை, ஆபத்தான இடம் ஆகியவை ஊருக்குப் பொது. அவற்றைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஒருவனுடைய வீடும் பெட்டியும் அவனுக்குச் சொந்தம். அவனைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. தன் பொருளைக் கொடுப்பது தாராளம். பிறர் பொருளை எடுத்துக் கொடுப்பதற்குப் பெயர் தாராளமா?

சர்வர் நடத்துகிறவருக்கும் கடமை உண்டு. சில மாட்கள், மற்ற ஆட்கள் அருகில் எங்கே நிற்கிறார்கள் என்றுகூடக் காட்டிவிடும். அந்த வசதி இல்லாத பதிப்புகளும் கிடைக்கின்றன. எதை உபயோகிக்கலாம், எதை உபயோகிக்கக் கூடாது என்று முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். டைன்மேப், ப்ளூமேப் போன்றவற்றைச் சர்வரிலேயே வைத்தால், எல்லோரும் பார்க்கும் பொது வரைபடம் ஒன்று கிடைக்கும். அதில் வீட்டுக்காரர் சம்மதித்தால் மட்டும் வீட்டைக் குறிக்கலாம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. "எப்போது பார்த்தாலும் விளையாட்டா?" என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். "வாரம் ஒருமுறை நகல் எடுத்தாயா? நண்பன் வீட்டைக் காட்டுமுன் அவனைக் கேட்டாயா?" என்றும் கேளுங்கள். பிறர் பொருளைக் காக்கும் பழக்கம் விளையாட்டில் வந்தால், வெளியிலும் வரும்.

அந்தப் பையனின் படம் பழைய ஃபோல்டரில் கிடைத்துவிடும். அழுகையும் நின்றுவிடும். ஆனால் ஒரு நண்பனின் நம்பிக்கை போனால், அது எந்த ஃபோல்டரிலும் இருக்காது!