ஆடுபலகையிலும் அடிமைதானா?



நிலத்தை இழந்த இனம் ஒருநாள் அதனை மீட்கலாம். தன் வரலாற்றைத் தானே எண்ணிப் பார்க்கும் உரிமையைப் பிறர் கையில் விட்டுவிட்ட இனம் எதனை மீட்கும்? இவ்வினாவை ஒரு விளையாட்டை முன்வைத்தே எழுப்புகின்றோம். 'விளையாட்டுத்தானே' என முறுவலிப்போர் சற்றே பொறுத்துக் கேட்பாராக!

மேலை நாடுகளில் போர்ப்பலகை ஆட்டம் என ஒன்றுண்டு. மலை, ஆறு, கோட்டை ஆகியவற்றை அமைத்த பலகைமீது சிறு படைப் பாவைகளை நிறுத்தி, அளவுகோலால் அளந்து நகர்த்திக் கவறுருட்டிப் பழைய போர்களை மீண்டும் நடத்துவர். 1824-இல் பிரசியப் படை அலுவலர் இரைசுவிட்சு படைப்பயிற்சிக்கென இதற்கு நெறிநூல் வெளியிட்டார். 1913-இல் ஆங்கில எழுத்தாளர் வெல்சு பொதுமக்களுக்கென ஒன்று எழுதினார். 'வேறு வகையாக நடந்திருந்தால்?' என வினவும் மாற்று வரலாற்றுத் தொகுப்பொன்று 1931-இல் வந்தது. அதில் சர்ச்சிலும் எழுதினார். இவ்விரண்டையும் இணைத்த வழிகாட்டி நூல்களை இன்று அங்கே தனியொருவரே எழுதி, தாமே அச்சிட்டு விற்கின்றனர்.

அவ்வாட்டங்களில் நம் மண்ணும் இடம்பெறுகின்றது, நாம்தாம் இல்லை! 'கருநாடகப் போர்' என்பார்கள். வென்றவர் ஆங்கிலேயரா பிரஞ்சியரா என்பதே கேள்வி. தமிழன் பெரும்பாலும் பெயரற்ற சிப்பாய். அல்லது சுமை தூக்குவோன். ஆடுவோர் இருவரும் வெள்ளையர்; ஆடுபலகை மட்டும் நாம்!

புதுவைக்குத் தெற்கே, சுண்ணாம்பாற்றங்கரையில் உள்ள நோணாங்குப்பத்தை எண்ணுங்கள். இன்று அது படகுத்துறையால் அறியப்படும் ஊர். அதற்கு அண்மையிலுள்ள அரியாங்குப்பத்தில் அன்று பிரஞ்சியரின் கோட்டை நின்றது. 1748-இல் ஆங்கிலக் கடற்படைத் தலைவன் பாசுகாவென் பெரும்படையோடு வந்து அதனைத் தாக்கினான். முதல் தாக்குதல் முறிந்தது. படைத்தலைவன் இலாரன்சே சிறைப்பட்டான். பின்னர்ப் பிரஞ்சியரின் வெடிமருந்து தீப்பற்றி வெடிக்க, அவர்கள் தாமே அரண்களைத் தகர்த்துவிட்டுப் புதுவைக்குள் ஒடுங்கினர். ஆயினும் நோயும் அடைமழையும் வருத்த, 1,000-க்கு மேற்பட்ட வெள்ளையரை இழந்து, பாசுகாவென் முற்றுகையைக் கைவிட்டான்.

அந்த வெடிமருந்து வெடியாதிருந்தால்? மழை பிந்தியிருந்தால்? சிறைப்பட்ட இலாரன்சு மீளாதிருந்தால், 1752-இல் திருச்சிராப்பள்ளி யார் கையில் விழுந்திருக்கும்? ஐப்பசி மழையில் களிமண் நிலம் என்னாகும் என்பதை இக்கரையில் பிறந்த உழவனைக் காட்டிலும் நன்கறிந்து ஆட்டநெறி வகுப்பவன் எந்நாட்டில் உளன்?

சான்று இல்லையா? இருக்கின்றது, தமிழிலேயே! துய்ப்ளேயின் தலைமை மொழிபெயர்ப்பாளராக (துபாசி) விளங்கிய ஆனந்தரங்கர் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். சென்னை அரசு அதனை 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழ் மூலமோ அதற்குப் பின்னரே நூலாக வரத் தொடங்கியது. நம் வீட்டுக் கணக்கை அயலான் படித்து முடித்த பின்னரே நாம் ஏட்டைத் திறந்தோம்!

சொல் இல்லையா? தொல்காப்பியம் புறத்திணையியலைத் திறந்து பாருங்கள். ஆநிரை கவர்தல் வெட்சி, மண்ணாசையாற் படையெடுத்தல் வஞ்சி, அரண் முற்றலும் காத்தலும் உழிஞை, எதிர்நின்று பொருதல் தும்பை, வெற்றி வாகை. புறப்பொருள் வெண்பாமாலை அரண் காத்தலை நொச்சி எனத் தனியே பிரித்தது. ஆட்டத்தின் படிநிலைகள் அனைத்துக்கும் பெயர் அணியமாய் உள்ளது. ஆட்டமும் புதிதன்று. 3 புலிகளை 15 ஆடுகள் கூடி மடக்கும் ஆடுபுலி ஆட்டம் நம் கோயில் தளக்கற்களில் கீறப்பட்டுள்ளது.

அவ்வாடுகளின் பாடத்தையே 1801-இல் மருதிருவர் அறிக்கை உரைத்தது. அனைவரும் ஒன்றுசேர்ந்து வெள்ளையனை வெளியேற்றுக என்று அது அழைத்தது. அழைப்பை எல்லாப் பாளையங்களும் ஏற்றிருந்தால்? வெள்ளையர் இருவருள் எவன் வென்றிருப்பான் என்பது அவர்கள் வினா. நாம் கூடியிருந்தால் என்னாகியிருக்கும் என்பதே நம் வினா. இதனை எழுப்பும் நூலை நமக்காக அயலான் எழுதுவானா?

ஆனால் ஓர் எச்சரிக்கை, நம்மவர்க்கே! மாற்று வரலாறு என்பது பொய் வரலாறு அன்று. எல்லாப் போரிலும் தமிழனே வென்றான் என்று வீறாப்புப் பேச இந்நூல் வேண்டா. இடப்பக்கத்தில் நடந்ததைச் சான்றுடன் எழுதுக. வலப்பக்கத்தில் நடந்திருக்கக் கூடியதை எழுதுக. இரண்டையும் ஒருகாலும் கலவாதீர்! நம்முட் சிலர் காட்டிக்கொடுத்ததையும், சிலர் கூலிக்குப் பொருததையும் ஆட்டநெறியில் எழுதத் துணியாதவன் எழுதுகோலைத் தொடாதிருப்பதே இனத்திற்குச் செய்யும் தொண்டு.

'யார் வெளியிடுவார்?' என்கின்றீர்களா? புதுவைப் பாவேந்தர் பாரதிதாசன் யாருடைய இசைவுக்குக் காத்திருந்து 'குயில்' இதழை நடத்தினார்? இன்று 50 படிகள் மட்டும் அச்சிடவும் வழியுண்டு. பன்னாட்டு நூல் எண் இந்தியாவில் கட்டணமின்றியே கிடைக்கின்றது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா நாட்டு நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கும் படி அனுப்பினால், நூல் நமக்குப் பின்னும் வாழும். பாவைகளுக்குப் பொருளில்லையேல் புளியங்கொட்டையும் சோழியும் போதும். களிமண் நோணாங்குப்பத்து ஆற்றங்கரையிலேயே கிடைக்கும்.

இளைஞர்களே! ஆற்றை வரையுங்கள், கோட்டையை நிறுத்துங்கள், நெறியைத் தமிழில் எழுதுங்கள். கவறு இனி நம் கையில் உருளட்டும்!