இளஞ்சிவப்பு அறையும் இருண்ட குளிர்காலமும்

சென்ற மாதத்தில் ஒருநாள் மாலை, விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த என்னிடம் என் மூத்த மகள் வந்து, தன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். அஃது ஓர் அறையின் படம். வெள்ளைச் சுவர், வெளிறிய மரத்தளம், அலையலையாய் வளைந்த சட்டத்தையுடைய நிலைக்கண்ணாடி, காளானைப் போன்ற மேசைவிளக்கு, சதுரங்கப் பலகையை நினைவூட்டும் கட்டங்கட்டமான கம்பளம், இளஞ்சிவப்பும் வெளிர்நீலமும் வெண்ணெயின் மஞ்சளுமாய்ச் சிதறிக் கிடக்கும் சிறு பொருள்கள். மெழுகுதிரிகள்கூட முறுக்கு வடிவில் இருந்தன.

"அப்பா, என்ரை அறையையும் இப்பிடி மாத்தட்டே?" என்றாள்.

"பிள்ளை, தொட்டில் ஒன்றுதான் இதிலை குறை! உயர்தரம் படிக்கிற உனக்கு உதென்ன விளையாட்டு?" என்றேன்.

அவள் வாதாடவில்லை. "விளையாட்டெண்டால் கூடாததோ அப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அப்பாற் சென்றாள்.

மாணவர்க்கு வினாக் கொடுத்தே பிழைப்பவன் தன்னிடம் வந்த வினாவைத் தட்டிக் கழித்தல் அழகன்று. அவ்வினாவுக்கு விடை தேடிப் புகுந்த இடத்தில் நான் கண்டவற்றை இவ்வாரம் நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

மகள் காட்டிய அறையலங்காரத்திற்கு 'டெனிஷ் பாஸ்டல்' என்று பெயர் வழங்குகின்றது. டென்மார்க்கு நாட்டு மென்னிறப் பாணி என்று நாம் கூறலாம். இப்பெயரைச் சூட்டியது கலைக்கழகம் எதுவுமன்று. 2020, 2021ஆம் ஆண்டுகளில் தத்தம் அறைகளைப் படம்பிடித்துச் சமூக வலைத்தளங்களிலே பகிர்ந்துகொண்ட இளைஞர்களிடையே பரவிய பெயர் இது. ஆயினும், பெயர் புதிதேயன்றிப் பொருள் புதிதன்று. அதன் வேர்களைத் தோண்டிப் பார்ப்பின் இரண்டு வேர்கள் தென்படுகின்றன. ஒன்று வடநாட்டின் வெளிறிய வண்ணம். மற்றது சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் எழுந்த விளையாட்டு மனம்.

முதலாவது வேரை முதலிற் பார்ப்போம். எந்த நிறத்தோடும் வெண்மையைத் தாராளமாகக் கலந்தாற் பிறப்பது மென்னிறம். வெண்மை கூடக்கூடச் சுவர் தன்மீது விழும் ஒளியை விழுங்காது திருப்பியனுப்பும் தன்மையும் கூடும். இது நமக்கு ஒரு செய்தியாகத் தோன்றாது. ஏனெனில் நமக்கு ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணிநேரப் பகல் உண்டு, வெயிலுக்குப் பஞ்சமில்லை. டென்மார்க்கின் தலைநகராகிய கொப்பன்ஹேகனிலோ மார்கழி மாதத்தில் பகற்பொழுது ஏழு மணிநேரமே. அந்த ஏழு மணிநேரமும் சூரியன் அடிவானத்தை விட்டு அதிகம் எழுவதில்லை. பிற்பகல் நான்கு மணிக்கு முன்னரே இருட்டிவிடும். அத்தகைய நாட்டிலே சுவரின் நிறம் அலங்காரம் மட்டுமன்று. அது விளக்குக்குத் துணை.

அயல்நாடாகிய சுவீடனில் இதனைப் பண்டே உணர்ந்திருந்தனர். 1771 முதல் 1792 வரை ஆண்ட மூன்றாம் குஸ்தாவ் மன்னனின் பெயரால் வழங்கும் வீட்டலங்காரப் பாணியிலே வெளிர்சாம்பல், வெளிர்நீலம், மங்கிய மஞ்சள் என்பனவே ஆட்சி செய்கின்றன. சுவர்களில் நிலைக்கண்ணாடிகளைப் பதித்து, ஒரு மெழுகுதிரியின் ஒளியை இரண்டாகவும் மூன்றாகவும் பெருக்கினார்கள். இன்றைய இளைஞரின் அறையில் வெளிறிய வண்ணமும் கண்ணாடியும் கூடி நிற்பது தற்செயலன்று. மின்விளக்கு வருமுன்னர் அம்மக்கள் இருளோடு நடத்திய நீண்ட போராட்டத்தின் எச்சம் அது.

இனி இரண்டாவது வேராகிய விளையாட்டு மனம். இதனை விளக்க இருவரின் வரலாற்றைக் கூற வேண்டும்.

ஒருவர் டென்மார்க்கு நாட்டவரான வேர்னர் பன்ரன். 1926இல் பியூனன் தீவிலே பிறந்தவர். அவர் பதினான்கு வயதுச் சிறுவராயிருந்தபோது, 1940ஆம் ஆண்டு சித்திரையில், ஜேர்மனியப் படைகள் அவர் நாட்டைக் கைப்பற்றின. இளைஞரான பின் அவர் எதிர்ப்பியக்கத்திற் சேர்ந்தார். போரின் இறுதிக் காலத்தில் தலைமறைவாய் வாழ்ந்தார். போர் முடிந்தபின் கட்டடக்கலை பயின்று 1951இல் பட்டம் பெற்றார். அக்காலத்து டென்மார்க்கின் பெருந்தச்சர்கள் தேக்கிலும் ஓக்கு மரத்திலும் அடக்கமான அழகுடைய கதிரைகளைச் செய்து உலகப் புகழ் பெற்றிருந்தனர். பன்ரன் அவ்வழியிற் செல்லவில்லை. 1958இல் தம் தந்தையார் நடத்திய விடுதியின் புதிய பகுதியை அலங்கரிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. சுவர், மேசைவிரிப்பு, கதிரை, பணிப்பெண்களின் உடை ஈறாக யாவற்றையும் சிவப்பின் பல சாயல்களாலே ஆக்கினார். அவ்விடுதியின் பெயருக்கு 'மீண்டும் வருக' என்று பொருள். மறு ஆண்டில் ஒரு பொருட்காட்சியிலே கதிரை மேசைகளை முகட்டிலே தலைகீழாகத் தொங்கவிட்டுக் கம்பளத்தையும் அங்கேயே விரித்தார். பார்க்க வந்தோர் அண்ணாந்தபடி நடந்தனர்!

கால்கள் நான்கும் இன்றி, ஒரே பிளாஸ்ரிக்கு வார்ப்பாக, வளைந்து நிற்கும் ஒரு கதிரையைச் செய்யவேண்டுமென்று அவர் பல ஆண்டுகள் முயன்றார். பல தொழிலதிபர்கள் கைவிரித்தனர். ஈற்றில் வித்ரா என்னும் நிறுவனத்தின் துணையோடு 1967இல் அக்கதிரை வெளிவந்தது. அதற்கும் சோதனை வந்தது. பயன்படுத்திய பிளாஸ்ரிக்கு நாளடைவில் வலுவிழந்து வெடித்தமையால் 1979இல் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. பின்னர் வேறு பொருள்களைக் கொண்டு மீண்டும் செய்யத் தொடங்கினர். இன்று அது நூதனசாலைகளிலும் இருக்கின்றது, உணவுச்சாலைகளிலும் இருக்கின்றது. என் மகள் காட்டிய படத்திலிருந்த காளான் விளக்கின் முன்னோடிகளுள் ஒன்றும் இவர் 1971இல் வடிவமைத்த 'பன்ரெல்லா' விளக்கே. இருளை நன்கறிந்த ஒரு நாட்டிலே, ஒளியையும் வண்ணத்தையும் தம் வாழ்நாட் பணியாகக் கொண்ட இவர், 1998ஆம் ஆண்டு புரட்டாதி 5ஆம் நாள் காலமானார். பன்னிரண்டு நாட்களின் பின் டென்மார்க்கிலே திறக்கவிருந்த அவருடைய கண்காட்சியின் பெயர் 'ஒளியும் வண்ணமும்'.

மற்றவர் இத்தாலியரான எற்றோரே சொற்சாஸ். 1917இற் பிறந்தவர். அவரும் போரைக் கண்டவர்; யூகோசிலாவியாவில் முகாமொன்றில் அடைபட்டிருந்தவர். 1961இல் அவர் இந்தியாவுக்குப் பயணம் செய்தார். கோயில்களும், வண்ணம் பூசிய வீடுகளும், சாதாரண மக்கள் நாள்தோறும் பூவோடும் நீரோடும் செய்யும் சிறு வழிபாடுகளும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. அப்பயணத்தின் முடிவிலே கொடிய நோயொன்று பற்றிக்கொண்டது. 1962இல் அமெரிக்காவிலே சிகிச்சை பெற்று, மரணத்தின் வாயிலிலிருந்து மீண்டார். அதன்பின் அவர் வனைந்த மட்கலங்களுக்கு 'இருளின் மட்கலங்கள்' என்று பெயரிட்டார். 1964இல், உயிர் மீண்டமைக்கு நன்றியாகப் பல தட்டுகளைச் செய்து, அவற்றுக்கு 'சிவனுக்குக் காணிக்கைகள்' என்று பெயர் வைத்தார். சைவராகிய நாம் இதனை அறிந்துகொள்வது நன்று.

இருளிலிருந்து மீண்ட இம்மனிதர்தாம் 1970இல் அந்த அலைக்கண்ணாடியைப் படைத்தார். அதன் சட்டத்தினுள்ளே விளக்குகள் இருக்கும். ஏற்றினால் அறை முழுவதும் இளஞ்சிவப்பாகும். அதற்கு அவர் இட்ட 'உல்ற்றாபிராகோலா' என்னும் பெயரில் ஸ்ரோபெரிப் பழம் ஒளிந்திருக்கின்றது. பின்னர், 1980இன் இறுதியில், மிலான் நகரிலே தம்மினும் இளையோரைக் கூட்டி 'மெம்பிஸ்' என்னும் குழுவைத் தொடங்கினார். கோணல் அலுமாரிகளும் கட்டங்களும் நெளிகோடுகளும் மிட்டாய் நிறங்களும் அக்குழுவின் வழியாகவே உலகெங்கும் பரவின. இன்றைய மென்னிறப் பாணி வடநாட்டு வெளிறிய சுவரையும் தளத்தையும் வைத்துக்கொண்டு, பன்ரனின் வளைவுகளையும் சொற்சாசின் குறும்பையும் அவற்றின்மேல் ஏற்றி, இருவரின் உரத்த நிறங்களோடும் சற்று வெண்மையைக் கலந்துகொண்டது. அவ்வளவே.

இப்பாணி பரவிய காலத்தையும் எண்ணிப் பாருங்கள். 2020ஆம் ஆண்டு பங்குனி 11ஆம் நாள், கொள்ளைநோய் காரணமாக டென்மார்க்கு அரசு நாட்டை முடக்குவதாக அறிவித்தது. அடுத்த சில நாட்களில் நாமும் ஊரடங்கிற்குள் அடைபட்டோம். உலகெங்கும் இளைஞர்க்கு அறையே வகுப்பாகவும் வீதியாகவும் விளையாட்டிடமாகவும் ஆயிற்று. விலை மிகுந்த அலைக்கண்ணாடியை வாங்க வழியற்றோர், மலிந்த கண்ணாடியைச் சுற்றிக் கட்டடவேலைக்குரிய நுரைப்பசையைப் பீய்ச்சி, அது உப்பிக் காய்ந்தபின் இளஞ்சிவப்பு வர்ணம் பூசிக்கொண்டனர். சிரிப்புக்கிடமான வேலைதான். ஆயினும், நோய்ச் செய்தியின்றி வேறு செய்தி கேளாத அந்நாட்களில், தன் நான்கு சுவர்களுக்குள் ஒரு சிறு மகிழ்ச்சியைத் தன் கையாலே செய்துகொண்ட பிள்ளையை நகைக்க எனக்கு இப்போது மனம் வரவில்லை.

இவ்விடத்திலே என்னைப் பற்றியும் ஒரு சொல் கூறியாக வேண்டும். நானும் இருளிற் படித்தவனே. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை. ஜாம் போத்தலிற் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்ட விளக்கின் முன் நானும் என் தம்பியும் மாறி மாறிப் படித்தோம். திரியை ஒரு மயிரளவு தூண்டினாலும் அம்மா அதட்டுவார். எண்ணெயின் விலை அப்படி. அந்நாட்கள் எனக்குக் கற்பித்த பாடம் ஒன்று உண்டு: தேவைக்கு மேற்பட்டது யாவும் குற்றம். வண்ணமும் குற்றம், விளையாட்டும் குற்றம். மகளின் படத்தைப் பார்த்தவுடன் என் வாயிலிருந்து வந்த சொல் அந்தப் பாடத்தின் சொல்லே.

பன்ரனும் சொற்சாசும் என்னிலும் பெரிய இருளைக் கண்டனர். கண்டும், வேறொரு பாடம் கற்றனர். இருளை அறிந்தவன்தான் விளக்கின் அருமையை அறிவான். துன்பத்தை அறிந்தவன் ஆடும் விளையாட்டுச் சிறுபிள்ளைத்தனமாகாது. உலகத்தைப் படைத்துக் காத்து அழிக்கும் பெருந்தொழிலையே இறைவனின் திருவிளையாடல் என்று போற்றும் சமயத்திற் பிறந்த எனக்கு, இதனை டென்மார்க்கிலும் இத்தாலியிலும் போய்க் கற்றுக்கொள்ள நேர்ந்தது!

நிற்க. மாணவ மாணவியர்க்கு ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். விளையாட்டு என்பது ஆடுவது, வாங்குவதன்று. டென்மார்க்கிலே பிறந்த லெகோ என்னும் விளையாட்டுப் பொருளின் பெயருக்கு, அந்நாட்டு மொழியில் 'நன்றாக விளையாடு' என்பதே மூலம். அக்கட்டைகளைப் பெட்டியோடு அலுமாரியில் வைத்திருப்பவன் விளையாடியவனாகான். அவ்வாறே, ஒரே நாளிற் கடைக்குச் சென்று கண்ணாடியும் கம்பளமும் விளக்கும் ஒருங்கே வாங்கி வந்து அடுக்கியவனின் அறை பிறருடைய விளையாட்டின் நிழலே. அடுத்த ஆண்டு வேறொரு பாணி வந்ததும் அவையாவும் குப்பைக்குப் போகும். பன்ரனின் கதிரையும் சொற்சாசின் கண்ணாடியும் அரை நூற்றாண்டு கடந்தும் விரும்பப்படுவது அவை வண்ணமுடையன என்பதனால் மட்டுமன்று. அவற்றின் பின்னே ஒருவர் உள்ளம் உழைத்திருக்கின்றது.

இன்னொன்று: வடநாட்டார் வெளிறிய நிறத்தை நாடியது ஒளியை அழைப்பதற்கு. நம் வெயிலில், தெற்கும் மேற்கும் திறந்த அறைக்கு அதே வெண்சுவர் கண்ணைக் கூசச் செய்யலாம். ஆதலின், அவர்கள் செய்ததை அப்படியே செய்வதினும், அவர்கள் சிந்தித்தவாறு சிந்திப்பதே நன்று. நம் அறைக்கு ஒளி எப்பக்கத்திலிருந்து வருகின்றது? நம் வீட்டிலே கிடக்கும் எந்தப் பழம்பொருளுக்கு மறுவாழ்வு கொடுக்கலாம்? இவ்விரு வினாக்களும் போதும்.

மகளிடம் இவற்றையெல்லாம் விரிவுரையாக நான் கூறவில்லை. விரிவுரை வகுப்பறைக்குரியது. சென்ற சனிக்கிழமை, பின்விறாந்தையிலே கறையான் தொடாது தப்பிக் கிடந்த என் தாயாரின் பழைய சிற்றலுமாரியை இருவருமாகத் தூக்கி வந்து அரத்தாள் போட்டுத் தேய்த்தோம். நிறத்தை அவளே தெரிவு செய்தாள்: மாவிலைத் துளிரின் வெளிறிய செம்மை. கைபிடிகளுக்கு மட்டும் மஞ்சள். ஒரு கதவுக்கு நான் பூசினேன். மறுகதவுக்கு அவள் பூசினாள். என் கதவிலே தூரிகையின் கோடுகள் தெரிகின்றன. அவள் கதவிலே தெரியவில்லை.

என் தாயார் வந்து பார்த்தார். திரியைத் தூண்டினால் அதட்டிய அதே தாயார். சற்று நேரம் நின்றார். பின்பு, "மிச்ச வர்ணம் இருக்கோ? என்ரை கதிரையும் பழசாய்ப் போச்சு" என்றார்.