முதலெழுத்தும் தரவுத்தளமும்

கோலார் தங்கவயலின் கடைக்கோடி ரயில் நிலையமான மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு அன்றாடம் ஆயிரக்கணக்கானோர் வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். மத்திய அரசின் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்களை மூடியதன் விளைவு இது. அவர்களில் பலர் தமிழர். தந்தை பெயரின் முதலெழுத்து, பின்னர் தம் பெயர். அவ்வளவே அவர்களது முழுப்பெயர். குடும்பப் பெயர் என்பது கிடையாது. இந்த எளிய உண்மையை அரசுத் துறைகளின் தரவுத்தளங்கள் இன்னும் முழுமையாக ஏற்கவில்லை.

ஏற்ற ஒரு நிகழ்வும் உண்டு. மின்னணுத் துறைச் செயலராக இருந்து மென்பொருள் பூங்காக்களுக்கு வழிவகுத்தவரும், 1998 முதல் 2002 வரை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையராகப் பணியாற்றியவருமான என். விட்டல், 2009-இல் ஆதாருக்கான தனிநபர் விவரத் தரநிலைக் குழுவுக்குத் தலைமை வகித்தார். தாமே முதலெழுத்துடன் அறியப்பட்டவர் அவர். ஆவணம் ஏதுமற்றவரைப் பதிவு செய்ய ‘அறிமுகம் செய்பவர்’ என்ற முறையை அக்குழு பரிந்துரைத்தது. ஆதாரில் பெயருக்கு ஒரே கட்டம்தான்.

ஆனால் வருமான வரித்துறையின் 49ஏ படிவமோ பல்லாண்டுகளாகக் கடைசிப் பெயரைக் கட்டாயமாகக் கேட்டது. முதலெழுத்தை விரித்தெழுதவும் சொன்னது. ‘கே. முனியம்மாள்’ ஆதாரில் அப்படியே இருக்க, வருமான வரி அட்டையில் தந்தை கந்தசாமியின் பெயரையும் சுமந்தார். பின்னர் 2017-இல் 139ஏஏ சட்டப்பிரிவு இரண்டையும் இணைக்குமாறு கட்டளையிட்டது. ஒரே அரசு இரு வேறு விதமாகக் கேட்டுவிட்டு, விடைகள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று குடிமகனிடம் வினவுவது என்ன நியாயம்?

தங்கவயலில் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல். தமிழில் ‘த’ ஓரெழுத்து. கன்னடத்தில் ‘த’, ‘த’வின் மெல்லொலி ஆகியவற்றுக்குத் தனித்தனி எழுத்துகள். கந்தசாமி அங்கு கந்தஸ்வாமி ஆவார். ஆங்கிலத்தில் எழுத்தரின் காதுக்கேற்ப வேறொன்றாவார்.

இழப்பு வருங்கால வைப்பு நிதியில்தான் தெரியும். பெயர் ஆதாருடன் ஒத்துப்போகாவிடில் பணம் எடுப்பது தடைப்படும். திருத்தத்துக்கு வேலை கொடுத்தவரின் ஒப்புதல் தேவைப்பட்டது. ஒப்பந்ததாரர் மாறிவிட்ட துப்புரவுத் தொழிலாளி யாரைத் தேடுவார்? 2017 அக்டோபர் 1-க்குப் பின் வழங்கப்பட்ட, ஆதாரால் சரிபார்க்கப்பட்ட எண்களுக்கு மட்டும் உறுப்பினரே திருத்திக்கொள்ள 2025 ஜனவரியில் வழி திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய எண்களை வைத்திருப்போரே நெடுநாள் உழைத்தவர்கள் என்பதை யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தொழில்நுட்பத்தின் மேல் பழிபோட இடமில்லை. தரவுத்தள மொழியான எஸ்.க்யூ.எல். 1986-இல் அமெரிக்கத் தரநிலையாகவும் மறு ஆண்டு உலகத் தரநிலையாகவும் ஆயிற்று. பெயருக்கு எத்தனை கட்டங்கள் வேண்டும் என்று அது எங்கும் விதிக்கவில்லை. அதை முடிவு செய்வோர் துறை அதிகாரிகளும், அவர்களுக்கு ஆலோசனை கூறும் தகவல் தொழில்நுட்ப வல்லுநர்களுமே. மென்பொருளை ஏற்கும் முன் முதலெழுத்துப் பெயர்களையும் ஒற்றைப் பெயர்களையும் இட்டுச் சோதிக்க வேண்டும் என ஒப்பந்தப் புள்ளியிலேயே நிபந்தனை வைக்கலாம். மாற்று எழுத்துக்கூட்டலுக்கு ஒரு கட்டம் சேர்ப்பதும் பெருஞ்செலவன்று. ஆதாரிலோ, பெயரைத் திருத்த வாழ்நாளில் இரு முறைதான் பொது அனுமதி.