செயலிக்கும் ஒரு பெயர்ப்பலகை

திருச்சிராப்பள்ளி தில்லை நகரின் முதன்மைச் சாலையில் மாலை வேளையில் நடந்து செல்வோரின் கண்ணில் முதலில் படுபவை பெயர்ப்பலகைகளே. எண்ணிட்ட குறுக்குத்தெருக்களின் திருப்பங்களில் மருத்துவர்களின் பெயர்களும் பட்டங்களும் வரிசையாக நிற்கின்றன. மருத்துவர் எழுதித் தரும் மருந்துச்சீட்டை உற்றுநோக்கினால் பெயரோடு ஒரு பதிவெண்ணும் இருக்கக் காணலாம். அவ்வெண்ணைத் தம் மருத்துவமனையிலும் மருந்துச்சீட்டிலும் காட்ட வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதி. மருந்துக்கடையின் சுவரிலும் உரிமம் சட்டமிட்டுத் தொங்குகிறது. அதே சாலையில் நிற்கும் நம் சட்டைப்பையிலுள்ள திறன்பேசியிலோ முப்பது நாற்பது செயலிகள் குடியிருக்கின்றன. நம் வங்கிக்கணக்கு, நண்பர்களின் எண்கள், நாம் நிற்கும் இடம் ஆகிய எல்லாவற்றையும் அவை அறியும். அவற்றை எழுதியவர் யார் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேரால் விடை கூற இயலும்?

இவ்வினா அண்மைக்காலத்தில் கூர்மை பெற்றுள்ளது. வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ் என்று ஒரு கோப்பு வருகிறது. போக்குவரத்து அபராதச் சீட்டு என்று மற்றொன்று வருகிறது. இரண்டின் பெயரும் 'ஏபிகே' என்று முடிகின்றன. அவை அழைப்பிதழும் அல்ல, அபராதச் சீட்டும் அல்ல. ஆண்ட்ராய்டு திறன்பேசியில் நிறுவப்படும் செயலிகள். உறவினர் வீட்டுத் திருமணம் என எண்ணித் தொட்டவரின் குறுஞ்செய்திகளை அவை படிக்கின்றன. வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கவர்ந்து கணக்கைத் துடைத்துவிடுகின்றன. இழந்தவர் 1930 என்னும் இணையக்குற்ற உதவி எண்ணை அழைக்கலாம். ஆனால் அந்தச் செயலியை எழுதியவரைத் தேடிப் புறப்பட்டால் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பொய்ப்பெயர் மட்டுமே.

இப்பின்னணியில்தான் கூகுள் நிறுவனம் 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு கருவிகளில் நிறுவப்படும் ஒவ்வொரு செயலியும், அடையாளம் சரிபார்க்கப்பட்ட ஓர் உருவாக்குநரின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் இது தொடங்கும் என்றும், 2027 முதல் பிற நாடுகளுக்கும் விரியும் என்றும் கூறப்பட்டது. அந்நிறுவனத்தின் 'பிளே ஸ்டோர்' என்னும் செயலிக்கடையில் விற்போருக்கு இக்கட்டுப்பாடு முன்பே உண்டு. கடைக்கு வெளியே, தம் இணையத்தளத்திலோ நண்பர் வழியாகவோ செயலியைக் கொடுப்போரையும் அது பற்றிக்கொள்வதே புதுமை. இணையத்திலிருந்து நேரடியாக இறக்கப்படும் செயலிகளில், பிளே ஸ்டோரில் இருப்பதைக் காட்டிலும் ஐம்பது மடங்குக்கு மேல் தீநிரல் காணப்படுவதாக அந்நிறுவனம் காரணம் காட்டுகிறது.

பதிவு என்பது எவ்வாறு நடைபெறுகிறது? ஆண்ட்ராய்டுச் செயலி ஒவ்வொன்றுக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத ஒரு தொகுப்புப்பெயர் உண்டு. அதனை எழுதியவர் தம்மிடம் மட்டுமே உள்ள மறைச்சாவியால் அதில் எண்ணியல் முத்திரை இடுகிறார். பழைய செயலிக்குப் புதிய பதிப்பு வரும்போது முத்திரை அதுவேதானா என்று திறன்பேசி ஒப்பிட்டுப் பார்க்கும், மாறியிருந்தால் ஏற்காது. ஆகவே, முன்பு வந்தவரே மீண்டும் வந்திருக்கிறார் என்பதை முத்திரை எப்போதும் சொல்லிவந்தது. அவர் யார் என்பதை மட்டும் அது சொன்னதில்லை. அரசு வழங்கிய அடையாள அட்டை, முகவரி, தொலைபேசி எண், ஒருமுறை செலுத்தும் 25 டாலர் கட்டணம் ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டு முத்திரைக்கு உரியவரின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவதே புதிய முறை.

பெயரைச் சொல்லச் சொல்வது தவறன்று என்பதே என் கருத்து. பிறர் பணத்தைக் கையாளும் நிரலை எழுதுபவர் முகம் காட்டத்தான் வேண்டும். எனினும் பெயர் தெரிந்துவிட்டால் நேர்மையும் வந்துவிடும் என்று நம்புவோருக்கு இந்திய ரிசர்வ் வங்கியின் பணிக்குழு 2021இல் அளித்த அறிக்கை ஒரு பாடமாகும். அவ்வாண்டின் முதல் இரண்டு மாதங்களில் இந்தியருக்குக் கிடைத்த கடன் செயலிகள் ஏறத்தாழ 1,100 என்றும், அவற்றுள் ஏறத்தாழ 600 சட்டத்துக்குப் புறம்பானவை என்றும் அக்குழு கண்டது. அவை இருட்டில் விற்கப்படவில்லை. எண்பதுக்கும் மேற்பட்ட செயலிக்கடைகளில் வெளிப்படையாக அடுக்கப்பட்டிருந்தன. மேலும், சிறு தொகைக்காகத் தம் வங்கிக்கணக்கையே பிறருக்கு வாடகைக்கு விடுவோர் உள்ள நாட்டில், அடையாள அட்டை மட்டும் வாடகைக்குக் கிடைக்காதா என்ன?

இங்கே ஓர் அடிப்படை வினாவை எழுப்ப வேண்டும். செயலி எழுதுவது மருத்துவம் பார்ப்பது போன்றதா, நூல் எழுதுவது போன்றதா? மருத்துவம் போன்றது என்றால் தகுதியும் பதிவும் முன்னரே வேண்டும். நூல் போன்றது என்றால் நம் நாட்டு அச்சுத்தொழிலின் வரலாறு வேறொரு வழியைக் காட்டுகிறது. அரசின் உரிமம் இல்லாமல் அச்சகம் நடத்தக் கூடாது என்னும் விதி 1823இல் வங்காளத்தில் வந்தது. 1835இல் சார்லஸ் மெட்காஃப் அதனை நீக்கினார். அச்சிடுவோரும் வெளியிடுவோரும் தம் பெயரையும் இடத்தையும் அறிவித்தால் போதும் என்றாயிற்று. பின்னர் 1867ஆம் ஆண்டுச் சட்டம், அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும் என்றது. அச்சட்டத்தின் இடத்திற்கு 2023இல் வேறொரு சட்டம் வந்துவிட்டபோதிலும் பழக்கம் நூல்களில் நிலைத்துவிட்டது. மாணவர்கள் தம் கையிலுள்ள எந்த நூலின் முதற் பக்கங்களைப் புரட்டினாலும் அதனைக் காணலாம்.

உரிமம் கேட்பதும் பெயரை அறிவிப்பதும் ஒன்றுபோலத் தோன்றும், ஒன்றல்ல. உரிமத்தில் ஒருவர் இசைய வேண்டும். அவர் இசையாவிட்டால் எழுத்து பிறவாது. அறிவிப்பில் எழுத்து பிறக்கும். பிழை செய்தால் பொறுப்பேற்க ஆள் இருப்பார். எழுத்தாளர் புனைபெயரில் ஒளிந்துகொள்ளவும் அங்கே இடமிருந்தது. வெளியிட்டவர் தம் பெயரைக் கொடுத்துப் பொறுப்பேற்றார். கணினி உலகிலும் அத்தகைய பதிப்பாளர்கள் உள்ளனர். 2010இல் தொடங்கப்பட்ட எஃப்-டிராய்டு என்னும் களஞ்சியம், திறந்த மூலநிரல்களைப் பெற்றுத் தானே செயலியாகத் தொகுத்துப் பெரும்பாலும் தன் முத்திரையையே இட்டு வழங்குகிறது. புதிய விதி தன் பணியையே முடித்துவிடும் என்று 2025 செப்டம்பரில் அது எதிர்ப்புக் குரல் எழுப்பியது. அந்தக் குரல் வீண்போகவில்லை. எச்சரிக்கைகளைக் கடந்து, தம் பொறுப்பில் பதிவற்ற செயலியை நிறுவிக்கொள்ள அனுபவமுள்ளோருக்குத் தனிவழி தரப்படும் என்று கூகுள் அதே ஆண்டு நவம்பரில் இறங்கிவந்தது.

இனி, பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். தில்லை நகரில் குடியிருக்கிறாள்; சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து திருவரங்கம் செல்லும் ஒன்றாம் எண் பேருந்து எந்த நேரத்தில் கூட்டமின்றி வரும் என்பதைத் தானே குறித்துவைத்து ஒரு சிறு செயலி எழுதுகிறாள். அவள் யாருடைய வங்கிக்கணக்கையும் கேட்கவில்லை; குறுஞ்செய்தியைப் படிக்கவில்லை. பிளே ஸ்டோரில் உருவாக்குநராகச் சேர 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதால் அந்தக் கதவு அவளுக்குத் திறக்காது. தன் வகுப்பினருக்கும் தெருவினருக்கும் நேரடியாகக் கொடுக்கும் வழி ஒன்றே இதுவரை அவளுக்கு இருந்தது. மாணவருக்கென அடையாள அட்டையும் கட்டணமும் கேட்காத கணக்கு ஒன்றைக் கூகுள் அறிவித்திருப்பது மெய்யே. ஆனால் அதன்வழி ஒரு சிறு எண்ணிக்கைக்கு மேல் செயலியைப் பகிர முடியாது. அவள் எழுதியது துண்டறிக்கை. அதற்கு மருந்துக்கடை உரிமம் கேட்பது முறையா?

கேட்கப்படும் அதிகாரத்திற்கு ஏற்பப் பதிவும் வேறுபட வேண்டும் என்பேன். குறுஞ்செய்தியைப் படிக்கவும், திரையில் நடப்பதைக் காணவும், பணத்தைத் தொடவும் அனுமதி கோரும் செயலிக்கு முழுமையான சரிபார்ப்பு இருக்கட்டும். எதையும் கோராத செயலிக்கு முத்திரையே போதும். திருமண அழைப்பிதழ் மோசடியில் கேடு விளைவிப்பது குறுஞ்செய்தி அனுமதிதான். எழுதியவரிடம் அடையாள அட்டை இல்லாதது அன்று.

பதிவேடு யார் கையில் இருக்கிறது என்பது இதனினும் பெரிது. மருத்துவரின் பெயரைப் பதிவது 1914ஆம் ஆண்டின் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டத்தால் அமைந்த மன்றம். அவர் பெயரை நீக்குவதற்கு முன் விசாரணை உண்டு. அதன்மேல் நீதிமன்றமும் உண்டு. செயலிகளின் பதிவேட்டையோ, செயலிக்கடையையும் நடத்துகின்ற ஒரு வணிக நிறுவனம் தானே வகுத்து, தானே காத்து, நீக்கியவரின் முறையீட்டையும் தானே கேட்கிறது. பொதுநிறுவனத்தால் இத்தகைய பட்டியலை வைத்திருக்க இயலாது என்பதற்கில்லை. தன் கட்டுப்பாட்டிலுள்ள வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பயன்படுத்தும் கடன் செயலிகளின் பட்டியலை ரிசர்வ் வங்கி 2025 ஜூலை முதல் தன் இணையத்தளத்தில் எவரும் காணுமாறு வைத்துள்ளது. கடன் வாங்க எண்ணுபவர் அங்கே செயலியின் பெயரைத் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். 2027இல் புதிய விதி உலகெங்கும் விரியத் தொடங்கும்போது, இப்போது பதினோராம் வகுப்பில் இருப்போர் பலருக்கு 18 வயது நிறையும் காலம் நெருங்கியிருக்கும். அவர்கள் தம் பெயரைப் பதியப் போவது எந்த ஏட்டில், யாருடைய விதிப்படி என்பதைப் பேசித் தீர்க்க இடைப்பட்ட காலம் மட்டுமே உள்ளது.