இனவாத ஒழிப்புப் பணமும் எமது மௌனமும்

இனவாதத்தை ஒழிப்பதற்கென ஒதுக்கிய அரச பணம், யூதர்களைப் பற்றி மிக இழிவாக எழுதி வந்த ஒருவர் பணியாற்றிய நிறுவனத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. கனடாவில் 2022 ஆகஸ்டில் இது அம்பலமானது. அந்நாட்டின் பத்திரிகைகள் வாரக்கணக்கில் எழுதின. பாராளுமன்றக் குழு விசாரித்தது. பலஸ்தீனத்தைப் பற்றி எந்நேரமும் பேசுகின்ற எமது எழுத்துச் சூழலில் இதைப் பற்றி ஒரு வரியையேனும் நான் காணவில்லை. தெரியாமல் இருந்திருக்கலாம் என்று விட்டுவிடவும் முடியவில்லை. தெரிந்த சிலருடன் பேசியபோது கிடைத்த பதில்தான் இதை எழுத வைத்தது: "அந்த ஆள் பலஸ்தீனத்தின் பக்கம் நிற்பவர். நாம் ஏன் அவரைக் காட்டிக் கொடுக்க வேண்டும்?"

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். கனேடிய மரபுரிமைத் திணைக்களத்தின் இனவாத எதிர்ப்பு நிதித்திட்டத்தின் கீழ், கொம்யூனிட்டி மீடியா அட்வொகஸி சென்ரர் என்ற சிறு அமைப்புக்கு 133,000 டொலருக்கும் அதிகமான தொகை வழங்கத் தீர்மானிக்கப்பட்டது. ஒலிபரப்புத் துறையில் இனவாதத்தை எதிர்கொள்வதற்கான உபாயம் ஒன்றை வகுப்பதும், அதற்காகப் பல நகரங்களில் கலந்துரையாடல்கள் நடத்துவதுமே வேலை. அமைப்பின் மூத்த ஆலோசகர் லைத் மஃரூப். அவர் ருவிட்டரில் எழுதியவற்றை இச்சஞ்சிகையில் அச்சிட முடியாது. யூதர்களை மனிதக் கழிவோடு ஒப்பிட்டவை அவற்றுள் இருந்தன. பிரெஞ்சு மொழி பேசுவோரும் கறுப்பினத்தவரும் கூட அவரது வாயிலிருந்து தப்பவில்லை. தனது கட்சிக்காரர் எல்லா யூதர்களையும் சொல்லவில்லை, 'யூத வெள்ளை மேலாதிக்கவாதிகள்' என்போரையே சொன்னார் என்று அவருடைய வழக்கறிஞர் விளக்கமளித்தார். இந்த விளக்கத்தின் தொனி எமக்குப் பழக்கமானது. முழு முஸ்லிம்களையும் சொல்லவில்லை, தீவிரவாதிகளைத்தான் சொன்னோம் என்று பொதுபல சேனா மேடைகளிலிருந்து இறங்கியவர்கள் எத்தனை தடவை சொல்லக் கேட்டிருக்கிறோம்!

பொறுப்பான அமைச்சர் அஹ்மத் ஹுஸைன். சோமாலியாவில் பிறந்து அகதியாகக் கனடா சென்ற முஸ்லிம். அதே லிபரல் கட்சியைச் சேர்ந்த யூதரான பாராளுமன்ற உறுப்பினர் அந்தனி ஹவுஸ்ஃபாதர், விடயம் பகிரங்கமாவதற்கு முன்பே அமைச்சருக்கு இதை அறிவித்ததாகவும் விரைந்து செயற்படும்படி வற்புறுத்தியதாகவும் சொன்னார். ஆயினும் பத்திரிகைகளில் செய்தி வந்து நாடே பேசத் தொடங்கிய பின்னரே, ஆகஸ்ட் 22ஆம் திகதியளவில் நிதி வெட்டப்பட்டது. அதற்குள் பெரும்பகுதி கைமாறியிருந்தது. கொடுத்ததைத் திருப்பித் தரும்படி திணைக்களம் கேட்டது. அவ்வருடம் ஒக்டோபரில் பாராளுமன்றக் குழுவின் முன் அமைச்சர் பதிலளிக்க வேண்டியதாயிற்று. விண்ணப்பதாரரைச் சோதிக்கும் முறைகள் இறுக்கப்படும் என்று வாக்குறுதி அளிக்கப்பட்டது.

இதில் என்னை உறுத்துவது தொகையல்ல. ஓர் அரசாங்கத்துக்கு 133,000 டொலர் சில்லறைக் காசு. திட்டத்தின் பெயரைப் பார்த்து, படிவம் சரியாக நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திட்ட உத்தியோகத்தர்கள், இந்த மனிதர் பகிரங்கமாக என்ன பேசுகிறார் என்று ஒரு பத்து நிமிடம் தேடிப் பார்க்கவில்லை. இரகசியமாக எழுதப்பட்டதை ஒற்றர் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. வெளியாட்கள்தான் கண்டெடுத்துக் கொடுத்தார்கள். அதன் பிறகும் அமைச்சர் வாயைத் திறக்க வாரங்கள் சென்றன. தவறுதலாகக் கொடுப்பது ஒரு குற்றம் என்றால், தெரிந்த பின்னரும் மௌனமாக இருப்பது அதைவிடப் பெரியது.

அதுவும் கனடாவில். 1939இல் ஜேர்மனியிலிருந்து தப்பி வந்த 900க்கும் மேற்பட்ட யூதர்களுடன் வந்த சென் லூயிஸ் கப்பலை ஏற்க மறுத்த நாடுகளில் கனடாவும் ஒன்று. ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போனவர்களில் 254 பேர் நாஸிகளின் படுகொலையில் மடிந்தனர். 2018 நவம்பர் 7ஆம் திகதி பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ பாராளுமன்றத்தில் எழுந்து இதற்காக மன்னிப்புக் கேட்டார். நான்கு வருடங்கள் ஆகவில்லை, அதே அரசாங்கத்தின் கஜானாவிலிருந்து, அந்தக் கப்பலில் வந்தோரின் பேரப்பிள்ளைகளும் கட்டிய வரிப்பணத்திலிருந்து, இந்தக் கொடுப்பனவு!

இனி எம்மவரின் பதிலுக்கு வருகிறேன். பலஸ்தீனத்தின் பக்கம் நிற்பவர் என்பதால் அவர் எதையும் பேசலாமா? கோத்தாபய ராஜபக்‌ஷ 2021 ஒக்டோபரில் 'ஒரே நாடு ஒரே சட்டம்' செயலணிக்குத் தலைவராகக் கலகொட அத்தே ஞானசார தேரரை நியமித்தபோது நாம் கொதித்தோம். அளுத்கமையில் 2014இல் அந்த மனிதர் பேசிய பேச்சை நாம் மறக்கவில்லை. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்பதை எப்படிக் கொண்டு வருவது என்று ஆராயும் வேலையை, ஒரு சமூகத்தின் மீது நஞ்சு கக்கியவரிடமே ஓர் அரசு ஒப்படைக்கலாமா என்று கேட்டோம். கேட்டது சரி. அந்தக் கேள்வியைத்தான் கனடாவின் யூதர்கள் 2022இல் தங்கள் அரசாங்கத்திடம் கேட்டார்கள். எமது கேள்வி நியாயமென்றால் அவர்களுடையதும் நியாயம். எமக்கு நேர்ந்தால் இனவாதம், யூதனுக்கு நேர்ந்தால் அரசியல் விமர்சனம் என்று ஓர் அளவுகோலை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து மேடையில் சூறா மாயிதாவின் எட்டாவது வசனத்தை ஓதாமல் இருக்க வேண்டும்.

எமது எழுத்திலும் இந்த நோய் இருக்கிறது. இஸ்ரேல் அரசு, சியோனிசம், யூதர் என்ற மூன்றையும் பிரித்தறியாமல் 'யூதன்' என்ற ஒரே சொல்லால் எழுதித் தள்ளிய கவிதைகள் எத்தனை! எது நடந்தாலும் 'யூத சதி'. சியோன் மூத்தோரின் நெறிமுறைகள் என்ற ஏடு போலியானது என்பதை இலண்டன் ரைம்ஸ் பத்திரிகை 1921இலேயே பக்கம் பக்கமாக ஒப்பிட்டுக் காட்டிவிட்டது. ஒரு நூற்றாண்டு கடந்தும் அதைச் சான்றாக எடுத்துப் பேசும் குரல்கள் எம்மிடையே ஓயவில்லை. 1348-49இல் ஐரோப்பாவில் கொள்ளைநோய் பரவியபோது யூதர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள் என்று கதை கட்டினார்கள். ஸ்ட்ராஸ்பர்க் நகரில் நூற்றுக்கணக்கானோரை எரித்தார்கள். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்திருக்கிறது என்று கதை கட்டிக் கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். கதை ஒன்றுதான், ஊரும் பெயரும்தான் வேறு. அம்பாறைக் கதையைப் பொய்யென்று நிரூபிக்க அலைந்த ஒரு சமூகம், கிணற்றுக் கதையின் வம்சத்தில் பிறந்த கதைகளை வாய் கூசாமல் திருப்பிச் சொல்வதை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது எழுந்து நின்ற நபியின் உம்மத்து நாம். ஹதீஸ் தெரியாதவர்களிடம் இதை நான் சொல்லவில்லை.

2017 ஜனவரியில் கியூபெக் நகரப் பள்ளிவாசலில் ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஜும்ஆவின்போது டொரன்டோவில் யூதர்கள் பள்ளிவாசலைச் சுற்றிக் கைகோத்து வளையமாக நின்றார்கள். 2018 ஒக்டோபரில் பிட்ஸ்பர்க் யூத ஆலயத்தில் பதினொரு பேர் கொல்லப்பட்டபோது அமெரிக்க முஸ்லிம்கள் பணம் திரட்டி அக்குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். மஃரூப் போன்றவர்களின் பதிவுகள் அந்த வளையத்தின் மீதுதான் விழுகின்றன. பலஸ்தீனக் குழந்தைக்கு அவற்றால் ஒரு வாய்த் தண்ணீர் கூடக் கிடைக்கவில்லை. பலஸ்தீனத்துக்காகப் பேசும் எவரையும் 'யூத வெறுப்பாளர்' என்று முத்திரை குத்தக் காத்திருப்போருக்கு ஓர் ஆதாரம் கிடைத்ததுதான் மிச்சம்.

அப்படிக் காத்திருப்போர் இருக்கிறார்கள் என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை. 2023 ஒக்டோபரில் பலஸ்தீன எழுத்தாளர் அதானியா ஷிப்லிக்கு ஃபிராங்ஃபர்ட் புத்தகச் சந்தையில் நடக்கவிருந்த விருது விழா நிறுத்தப்பட்டது. அவ்வருட டிசம்பரில் ஹன்னா ஆரென்ட் பரிசு பெறவிருந்த மாஷா கெஸன், காஸாவை நாஸிகால யூத கெட்டோக்களுடன் ஒப்பிட்டு எழுதியதற்காக, பரிசுக்கு ஆதரவளித்த நிறுவனம் விலகிக்கொண்டது. கெஸன் யூதர், குடும்பத்தில் நாஸிகளிடம் உயிரிழந்தவர்களைக் கொண்டவர். 2024 ஜனவரியில் பெர்லின் நகரின் கலாசாரப் பொறுப்பாளர் ஜோ சியாலோ, அரச நிதி பெறும் ஒவ்வொரு கலைஞரும் யூத எதிர்ப்புக்கான குறிப்பிட்டதொரு வரைவிலக்கணத்தை ஏற்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். ஆயிரக்கணக்கான கலைஞர்கள் எதிர்த்தனர், சட்டச் சிக்கலும் எழுந்தது. மூன்று வாரத்துக்குள் அதை அவர் கைவிட்டார். அந்த வரைவிலக்கணத்தை எழுதிய கென்னத் ஸ்டேர்னே, பல்கலைக்கழகங்களில் பேச்சை அடக்குவதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாதென்று பல தடவை எழுதியிருக்கிறார்.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் மோசம். யூத எதிர்ப்பைத் தடுக்கவில்லை என்ற குற்றச்சாட்டின் பேரில் ட்ரம்ப் நிர்வாகம் 2025 மார்ச்சில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் 400 மில்லியன் டொலரை நிறுத்தியது. ஏப்ரலில் ஹார்வர்டின் 2.2 பில்லியன் டொலரை முடக்கியது. முடங்கியவற்றில் காசநோய் ஆய்வும் இருந்தது. காசநோய்க் கிருமிக்கும் யூத வெறுப்புக்கும் என்ன தொடர்பு? ஹார்வர்டின் தலைவர் அலன் கார்பர் யூதர் என்பதையும் கவனிக்க வேண்டும். 2025 செப்டெம்பர் 3ஆம் திகதி நீதிபதி அலிசன் பரோஸ், இது சட்டவிரோதம் என்றும், யூத எதிர்ப்பு என்பது ஒரு புகைத்திரையாகவே பயன்படுத்தப்பட்டது என்றும் தீர்ப்பளித்தார்.

ஹார்வர்ட் செய்தியை எம்மவர்கள் மகிழ்ச்சியோடு பகிர்ந்துகொண்டார்கள். நானும் மகிழ்ந்தேன். ஆனால் ஒட்டாவாவின் அலட்சியத்தைக் கண்டிக்காதவனுக்கு வாஷிங்டனின் அடாவடியைக் கண்டிக்க என்ன யோக்கியதை இருக்கிறது? இரண்டிலும் பொதுப் பணத்தைக் கையாளும் அரசு கணக்குச் சொல்ல மறுத்தது. ஒன்றில் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தது, மற்றதில் வேறு நோக்கத்துக்காகப் பறித்தது. மானியம் பெறுபவர் எந்த நாட்டை ஆதரிக்கிறார், எந்தப் போரை எதிர்க்கிறார் என்பது அரசுக்கு வேண்டாத விடயம். மனிதரை அவர்களின் பிறப்புக்காக இழிவுபடுத்துகிறாரா என்பது வேண்டிய விடயம். மஃரூபின் பதிவுகளை அடையாளம் காண எந்த வரைவிலக்கணமும் தேவைப்பட்டிருக்காது. வாசிக்கத் தெரிந்தால் போதும். நிபந்தனையை முன்கூட்டியே எழுதி வைக்கவும், மீறினால் காரணம் கூறி நிறுத்தவும், நிறுத்தப்பட்டவர் மறுமொழி சொல்ல இடமளிக்கவும் ஓர் அரசுக்கு முடியாதா?

இலங்கை வாசகருக்கு இதில் ஓர் அச்சம் எழும், அது நியாயமானதும்கூட. வெறுப்புப் பேச்சைத் தடுக்க வந்த 2007ஆம் ஆண்டின் ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின் கீழ் 2019இல் சிறையிலடைக்கப்பட்டவர் ஒரு சிறுகதைக்காகச் சக்திக சத்குமார. தமிழில் கவிதை எழுதிய அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகி, 2023 டிசம்பரில்தான் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். சட்டம் தவறான கழுத்தில் விழுந்த கதை எமக்குத் தெரியும். அதனால்தான் எது வெறுப்பு, எது கவிதை என்று பிரித்துச் சொல்ல வேண்டியவர்கள் எழுதுகிறவர்களாகிய நாமே என்கிறேன். நாம் சொல்லாவிட்டால் பொலிஸ் சொல்லும்.

இதற்கு மறுப்பு எழுத விரும்புவோருக்கு ஒரேயொரு வேண்டுகோள். மஃரூபுக்காக வாதாடுங்கள், ஆட்சேபனையில்லை. ஆனால் அவரது பதிவுகளை முழுமையாகத் தமிழில் மொழிபெயர்த்து, 'யூதன்' என்று வரும் இடங்களிலெல்லாம் 'முஸ்லிம்' என்று போட்டு ஒரு தடவை வாசித்துவிட்டு எழுதுங்கள்.