நிலம் யார் பேரில்?

வறுமை ஒழிப்பு என்று சொல்லிச் சேரிக்கு வருகிற தொண்டு நிறுவனங்கள் பலவும் கோழிக்குஞ்சு கொடுக்கும், தையல் மிஷின் கொடுக்கும், போட்டோ எடுத்துக்கொண்டு போகும். நிலம் யாருகிட்ட இருக்கு என்று மட்டும் கேட்காது. கேட்டால் ஊர்ப் பகை வந்துவிடுமே!

கேட்ட அமைப்பும் உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டதற்காக 44 பேர் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். அதற்குப் பிறகு கீழத்தஞ்சைக்கு வந்து தங்கியவர்கள் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும். கிருஷ்ணம்மாள் தலித் குடும்பத்தில் பிறந்தவர். 1981இல் இவர்கள் தொடங்கிய லாஃப்டி, மிராசுதாரிடம் பேரம் பேசி, வங்கிக் கடன் வாங்கி, நிலத்தைக் கூலிப் பெண்கள் பேரிலேயே பதிவு செய்தது. விளைச்சலிலிருந்து கடன் அடைந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இன்று நிலத்துக்குச் சொந்தக்காரர்கள்.

'பாட்டன் பூட்டன் வேர்வை சிந்தின மண்ணை நாமளே காசு குடுத்து வாங்கணுமா?' என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதை அரசிடம் கேட்க வேண்டும் என்பேன் நான். 1961இன் நில உச்சவரம்புச் சட்டத்தைப் பினாமிக்கும் அறக்கட்டளைக்கும் ஓட்டை விட்டு நடத்தியது யார்? 1892 முதல் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் கைமாறியபோது கண்ணை மூடிக்கொண்டது யார்?

பத்திரம் கையில் இருக்கிற பெண், பண்ணை வாசலில் கூலிக்குக் கைகட்டி நிற்க மாட்டாள். இதை எந்தக் கோழிக்குஞ்சும் தராது.

மாணவத் தோழர்களே, தாலுகா ஆபீசுக்குப் போங்கள். உங்கள் ஊர்ப் பஞ்சமி நிலம் இன்று யார் பேரில் இருக்கிறது என்று கேளுங்கள். சேரிக்கு வருகிற தொண்டு நிறுவனத்தையும் அந்தக் கேள்வியோடு சந்தியுங்கள்.