ஊஞ்சலும் நாற்பது நாளும்

நேற்று பேரன் ஒரு கேள்வி கேட்டான். "தாத்தா, 1969-ல அமெரிக்காக்காரங்க நாலே நாள்ல நிலாவுல இறங்கிட்டாங்க. நம்ம சந்திரயான்-3 மட்டும் ஏன் நாற்பது நாள் எடுத்துச்சு?"

முப்பத்திரண்டு வருடம் இயற்பியல் நடத்தியவன் சும்மா இருப்பேனா? ஊஞ்சலில் உட்கார வைத்தேன். ஒரே தள்ளில் உச்சிக்கு அனுப்ப பயில்வான் வேண்டும். என்னைப் போன்ற கிழவன், ஊஞ்சல் வந்து திரும்பும்போதெல்லாம் லேசாகத் தள்ளினால் போதும். அதே உயரம், கொஞ்சம் தாமதமாக.

அப்போலோ 11-ஐச் சுமந்த சாட்டர்ன் 5 ராக்கெட் சுமார் 2,900 டன் எடை. அதுதான் பயில்வான். நம் எல்.வி.எம்.3 சுமார் 640 டன். அது சந்திரயானைப் பூமியைச் சுற்றும் நீள்வட்டப் பாதையில் விட்டது. விண்கலம் பூமிக்கு மிக அருகே வரும்போதுதான் அதன் வேகம் அதிகம். அந்த இடத்தில் இன்ஜினைக் கொஞ்ச நேரம் இயக்கினால் அடுத்த சுற்றில் இன்னும் தூரம் போகும். இப்படி ஐந்து முறை தள்ளி, பிறகு நிலவுப் பாதைக்குத் திருப்பினார்கள். 2023 ஜூலை 14-ல் கிளம்பி ஆகஸ்ட் 23-ல் இறங்கியது. செலவு சுமார் 615 கோடி.

பேரனுக்குப் புரிந்தது. என் கவலை வேறு.

செவ்வாய்க்கு மங்கள்யான் போனதிலிருந்தே "ஆட்டோ கட்டணத்தை விட மலிவு" என்று வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கிறது. எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தப் பாராட்டு எங்கே கொண்டு போய் விடும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன்.

ஒரு பள்ளியில் இரண்டே வோல்ட்மீட்டரை வைத்து நாற்பது பிள்ளைகளுக்குச் செய்முறை நடத்தினேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி "இருப்பதை வைத்துச் சமாளிக்கிறாரே" என்று எல்லார் முன்னாலும் பாராட்டினார். அடுத்த வருடம் நான் கேட்ட கருவி ஒன்றுகூட வரவில்லை. "அவர்தான் சமாளிப்பாரே" என்றார்களாம். பாராட்டு எனக்கு, நஷ்டம் பிள்ளைகளுக்கு. பாதிப்பேர் கருவியைத் தொடாமலே தேர்வு எழுதினார்கள்.

நாளை நிலவுக்கு மனிதரை அனுப்ப வேண்டுமென்றால் ஊஞ்சல் வித்தை உதவாது. நாற்பது நாளுக்குக் காற்றும் தண்ணீரும் உணவும் சுமக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சு வளையங்களைக் கடக்க வேண்டும். இயந்திரம் தாங்கும், மனித உடம்பு தாங்காது. அதற்குப் பயில்வான்தான் வேண்டும்.

அந்தப் பயில்வானை உருவாக்க 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 8,240 கோடிக்கு ஒப்புதல் தந்திருக்கிறது. தாழ்வான சுற்றுப்பாதைக்கு 30 டன் வரை தூக்கும், முதல் நிலையைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பது திட்டம். இது நடுவில் இழுபறியாகி, செலவு கூடினால், "615 கோடியில் முடித்தவர்களுக்கு இவ்வளவு எதற்கு?" என்று கேட்கப் போவதும் நாம்தான்.

சிக்கனத்தைப் பாராட்டுங்கள், தவறில்லை. அதையே அவர்கள் காலுக்கு விலங்காக்கி விடாதீர்கள். மலிவு என்பது இல்லாதபோது செய்த சாமர்த்தியம். என்றைக்கும் இல்லாமலே இருக்க வேண்டும் என்பதற்கான சான்றிதழ் அல்ல.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது? பழைய மாணவர்கள் கட்டாயம் எழுதுங்கள். இப்போது மதிப்பெண் குறைக்க மாட்டேன்.